பெயர்ப் பட்டியலும் முகவரிப் பட்டியலும்

கனடாவில், மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் நான் வேலை செய்த மலர்ச்சாலையில், அதாவது இறுதிச்சடங்கு நிலையத்தில், இப்போது ஒரு தாள்கூட அச்சடிப்பதில்லையாம். மரண அறிவித்தல் கைபேசிக்குப் போகிறது. இறுதிக்கிரியையையும் பலர் கைபேசியிலேயே பார்த்து முடித்துவிடுகிறார்கள். அச்சுப்பொறி இருந்த சிறிய அறையில் கோப்பி போடும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் தேவன். மட்டக்களப்பு ஆள். அங்கே இருபது வருடத்துக்கு மேலாகச் சவ வாகனம் ஓட்டுகிறான்.

"உங்கட அறையில இப்பதான் நல்ல சாமான் வருகுது அண்ணை, கோப்பி," என்றான். பிறகு, "அந்த ஒல்லாந்துக்காரியின்ர கதையை ஒருக்கா எழுதி வையுங்க. புதுசா வாற ஆக்களுக்குச் சொன்னா நான் புளுகுறன் எண்டு சிரிக்கிறாங்க," என்றான்.

அந்தக் கதையை எழுத நான் ஞாபகத்தை நம்பியிருக்கத் தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு வைத்திருக்கிறேன். கீழே வரும் திகதிகளும் நேரங்களும் அதிலிருந்து எடுத்தவை. பேச்சுகளில் சில அன்றே எழுதி வைத்தவை. மற்றவை என் நினைவில் உள்ளபடி.

முதலில் ஒல்லாந்தை, அதாவது நெதர்லாந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து 1985இல் அங்கே போய்ச் சேர்ந்தேன். மொழி படித்தது, முகாமில் இருந்தது எல்லாம் எல்லோருக்கும் நடந்ததுதான். 1987இல் ஊத்ரெக்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில், இறுதிச்சடங்குகளை நடத்திக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. தூக்குகிறவர்கள் ஆறு பேரும் ஒரே உயரமாக இருக்கவேண்டும். நான் நாலு விரற்கடை கட்டை. மூன்று மாதம் பார்த்துவிட்டு முதலாளி என்னை உள்ளே மேசை வேலைக்கு மாற்றினார். அவரை நாங்கள் மெனேர் என்போம். ஐயா என்று பொருள்.

அங்கே ஒருவர் இறந்தால், வீட்டார் முதலில் செய்வது முகவரிப் பட்டியல் எழுதுவது. சமையலறை மேசையில் குடும்பமே கூடி உட்காரும். இறந்தவருடைய முகவரிப் புத்தகத்தைத் திறந்து வைத்து, யாருக்கெல்லாம் அட்டை போகவேண்டும் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி எழுதுவார்கள். அட்டையை அன்றே அச்சடித்துவிடவேண்டும். இறந்தவரின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், வீட்டாரின் பெயர்கள், அடக்கம் எங்கே எத்தனை மணிக்கு, துக்கம் விசாரிக்க எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை வரலாம், பூ கொண்டுவரலாமா கூடாதா என்பதெல்லாம் அதில் இருக்கும். உறைக்குச் சாம்பல் நிறக் கரை. தபாற்பெட்டியில் சாம்பல் கரை தெரிந்தால் உறையைப் பிரிக்கமுன்னரே ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு அழைப்புத் தேவையில்லை. செய்தி காதில் விழுந்தால் போகவேண்டியதுதான். அங்கே அட்டை வராவிட்டால் தன்னை வேண்டாம் என்கிறார்கள் என்று அர்த்தப்படுத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

அடக்கம் முடிந்தால் கோப்பியும் கேக்கும். கேக் ஒரு துண்டுதான். வந்தவர்கள் வரிசையில் நின்று வீட்டாருக்குக் கை கொடுத்து ஒரு சொல் சொல்வார்கள். துக்கத்துக்குச் சொல்லும் சொல்லும் பிறந்தநாளுக்கு வாழ்த்தும் சொல்லும் அந்த மொழியில் ஒரே மாதிரித் தொடங்கி ஒரே மாதிரி முடியும். முதல் வருடம் நான் ஒரு விதவைக்குக் கை கொடுத்து வாழ்த்துத் தெரிவித்துவிட்டேன். அவர் என் கையை விடாமல், "நாற்பது வருடம் அவரோடு இருந்தவள் நான். யாராவது வாழ்த்தத்தான் வேண்டும்," என்றார். மெனேர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

இன்னொன்று, மே நாலாம் திகதி. போரில் இறந்தவர்களுக்காக இரவு எட்டு மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கும். பேருந்து நிற்கும், கடையில் காசு வாங்குகிற கை நிற்கும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு நினைவுக்கல் இருக்கும். ஊர் அங்கே கூடும். இது தெரியாத முதல் வருடத்தில் நான் சதுக்கத்தின் குறுக்கே சைக்கிளில் போனேன். ஒரு பெண் முன்னால் வந்து சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் முடிந்ததும் விட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த வருடத்திலிருந்து ஏழே முக்காலுக்கே நானும் அங்கே நின்றேன்.

1998இல் மொன்றியலுக்கு வந்தோம். மனைவியின் சகோதரர்கள் அந்நகரின் வில்லரே பகுதியில் இருந்தார்கள். அடுத்த வருடம் இந்த மலர்ச்சாலையில் சேர்ந்தேன். எங்கள் மேலாளர் மதாம் லுசி. கியூபெக்கில் பிறந்தவர், அப்போது ஐம்பது வயதிருக்கும். மேசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி முகம் கீழாக வைத்துவிட்டுத்தான் குடும்பத்தோடு பேசத் தொடங்குவார். "உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது" என்று அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. அறிவித்தலில் வரும் ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக வாசிப்பார். குடும்பத்தில் ஒருவர், ஒருவர் மட்டும், கையொப்பம் இடவேண்டும். அதன் பிறகு அந்த ஒருவரைக் கேளாமல் ஒரு புள்ளியும் மாறாது.

படிவத்தில் "வேறு பிள்ளைகள் உண்டா?" என்று ஒரு கேள்வி இருந்தது. மற்றவர்கள் அதைக் கேட்டு, இல்லை என்றதும் அடுத்ததுக்குப் போவார்கள். மதாம் லுசி இல்லை என்ற பதில் வந்த பிறகும் பேனையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருப்பார். "முதல் பதில் வாயிலிருந்து வருவது. இரண்டாவதுக்கு இடம் விடவேண்டும்," என்று எனக்குச் சொன்னார். அவருடைய இன்னொரு விதி: தொலைபேசியில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகாதே. முதலில் என் மேசைக்குக் கொண்டுவா.

தமிழ்க் குடும்பங்கள் வந்தால் மேசை வேலை எனக்கு. எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலில் இன்னாரின் பாசமிகு மகனும், காலஞ்சென்ற இன்னாரின் மருமகனும், இன்னாரின் மைத்துனரும் என்று அரைப் பக்கத்துக்குப் பெயர்கள் போகும். சண்டை வருவது அங்கேதான். ஒருமுறை லவாலிலிருந்து வந்த ஒரு மைத்துனர், தன் பெயர் விடுபட்டதற்காக வாகனத் தரிப்பிடத்திலேயே நின்றுவிட்டார். பெட்டியை வாகனத்தில் ஏற்றும்வரை உள்ளே வரவில்லை. தேவன் போய்க் கூப்பிட்டான். "பேர் இல்லாத இடத்தில எனக்கென்ன வேலை," என்றாராம். இப்படி ஆறு வருடம் கேட்டுக் கேட்டு, பட்டியல் என்ற சொல் என் காதில் ஒரே ஒரு பொருளில்தான் விழத் தொடங்கியிருந்தது. நான் செய்த பிழைக்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

2005 ஏப்ரல் 26, செவ்வாய்க்கிழமை, வால்ட்டர் என்ற முதியவர் இறந்தார். ஆங்கிலம் பேசும் மொன்றியல்காரர். இளவயதில் கனேடியப் படையோடு ஒல்லாந்தில் இருந்தவர். மறுநாள் அவருடைய மனைவி ஐரீனும் மகன் டக்லஸும் வந்தார்கள். மதாம் லுசி வேறு குடும்பத்தோடு இருந்ததால் நான் படிவம் நிரப்பினேன். வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். "நான் ஒருவன்தான்," என்றார் டக்லஸ். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அடக்கத்துக்கு அடுத்த புதன்கிழமை என்று முடிவானது. டக்லஸ் காலை பதினொரு மணி என்றார். ஐரீன், "இரண்டு மணி," என்றார்.

"பதினொன்று என்றால் வருகிறவர்களுக்கு வசதி, அம்மா."

"இரண்டு மணி, டக்லஸ்."

நான் இரண்டு என்று எழுதினேன். கையொப்பமிட்டவர் டக்லஸ். 28ஆம் திகதி அறிவித்தல் பத்திரிகையிலும் அதன் இணையப் பக்கத்திலும் வந்தது.

29ஆம் திகதி, வெள்ளி, காலை ஒன்பது இருபதுக்கு ஒரு பெண் தொலைபேசியில் வந்தார். ஆங்கிலத்தில் தடுமாறினார். உச்சரிப்பைக் கேட்டு நான் ஒல்லாந்து மொழிக்கு மாறினேன். அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. பெயர் ஹன்னெக்கே. அறிவித்தலைக் கணினியில் பார்த்திருக்கிறார்.

"என்னைப் பட்டியலில் சேர்க்க முடியுமா?" என்று கேட்டார்.

"நீங்கள் அவருக்கு என்ன முறை?"

"மகள். 1946இல் பிறந்தேன். அவர் திரும்பிப் போன பிறகு. 1981இல் நான் அவரைத் தேடிப் பிடித்தேன். அதிலிருந்து வருடத்துக்கு நாலு ஐந்து கடிதம் வரும். அவருடைய வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு எடுத்தேன்."

முகவரியும் தந்தார். அவர் எதற்காக முகவரி தருகிறார் என்று அப்போதாவது நான் யோசித்திருக்கவேண்டும். பத்து வருடத்துக்கு மேல் அந்த நாட்டில் நான் செய்த வேலையே அது. ஆனால் எனக்குக் கேட்டது அறிவித்தலில் விடுபட்ட ஒரு பெயர். உரிமையுள்ள பெயர். மதாம் லுசி அன்று மதியம்வரை வெளியே. டக்லஸும் ஐரீனும் ஆராதனைத் தாளைச் சரிபார்க்கப் பத்தரைக்கே வந்துவிட்டார்கள். மதாம் லுசி திரும்பி வரும்வரை நான் காத்திருக்கவில்லை.

"ஒல்லாந்திலிருந்து ஒரு பெண் பேசினார்," என்றேன். "தன் பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார். மகள் என்கிறார்."

டக்லஸ் தாளைக் கீழே வைத்தார். "யாருடைய மகள்?"

ஐரீன் கையுறை ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதைத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"ஹன்னெக்கே," என்றார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். என்னைச் சந்திப்பதற்கு முந்திய கதை அது. அவருக்கே தெரிந்தது 1981இல்தான்."

"இருபத்து நாலு வருடம். எனக்கு யாரும் சொல்லவில்லை."

"இந்தக் கோடையில் சொல்கிறேன் என்பார். ஒவ்வொரு வருடமும் இந்தக் கோடையில்."

டக்லஸ் எழுந்தார். என்னைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார்: "கையொப்பமிட்டவன் நான். அந்தப் பெயர் எந்தத் தாளிலும் வரக்கூடாது." வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். ஐரீன் எழுந்து நின்று, "நான் சொல்லியிருப்பேன். அடக்கம் முடிந்த பிறகு, வீட்டில் வைத்து," என்று எனக்குச் சொன்னார். அதன் பிறகு அவரும் போனார்.

உடனே ஹன்னெக்கேவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னிக்கவும், குடும்பம் உங்கள் பெயரைப் போட இணங்கவில்லை என்றேன்.

"என் பெயரையா?" என்றார். "எங்கே போட?"

"அறிவித்தலில். பட்டியலில் சேர்க்கச் சொன்னீர்களே."

"முகவரிப் பட்டியலில். எனக்கு ஓர் அட்டை அனுப்பச் சொன்னேன். மற்றவர்களுக்கு அனுப்புகிறீர்கள்தானே, அதோடு ஒன்று." கொஞ்சம் பொறுத்து, "என்னைப் பற்றி அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன் என்றேன்.

"என் அம்மா இறந்தபோது நான் அட்டை அனுப்பினேன். வளர்த்த அப்பாவுக்கும் அனுப்பினேன். இவருக்கு மட்டும், கணினியில் யாரோ அந்நியர் மாதிரிப் படித்துத் தெரிந்துகொண்டதாக இருக்கவேண்டாம் என்று நினைத்தேன். வேறொன்றும் கேட்கவில்லை. இனி அதுவும் வராது, இல்லையா?"

இங்கே அட்டை அனுப்பும் வழக்கமே இல்லை என்பதை நான் அப்போதுதான் அவருக்குச் சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்குத் தேவனிடம் சொன்னேன். வாகனத்தைக் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை மூடினான். "என்னகா அண்ணை. அந்த மனுசி ஒரு தபால் கேட்டிருக்கு. நீங்க குடும்ப மரத்தையே புடுங்கிக்கொண்டு போய் மேசையில வச்சிருக்கீங்க."

"ஓம்."

"மதாமுக்குச் சொல்லிற்றீங்களா?"

"இனித்தான்."

"அப்ப நான் இண்டைக்கு உள்ளுக்கு வரமாட்டன்."

மதாம் லுசி முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகும், வழக்கம்போல, கொஞ்ச நேரம் இருந்தார். இரண்டாவது பதிலுக்கான அந்த இடைவெளியில் நான், "விதியை மீறினேன்," என்றேன். பதிவேட்டை என் பக்கம் திருப்பி, "உங்கள் கையாலேயே எழுதுங்கள். நேரத்தோடு," என்றார். எழுதினேன். அதன் பிறகுதான், "அந்த அட்டை எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

வரைந்து காட்டினேன். சாம்பல் கரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டக்லஸ் கையொப்பமிட்ட வசனங்களை அப்படியே போடலாம். ஓர் எழுத்துக் கூடவோ குறையவோ கூடாது. அது அவர் ஒப்புக்கொண்ட தாள்தான், வேறு அளவில். ஆனால் அதை அனுப்புவது நாங்கள் அல்ல. ஒரு விதவை தான் விரும்பியவருக்குக் கடிதம் அனுப்ப எவருடைய கையொப்பமும் தேவையில்லை. அவர் அனுப்ப விரும்பினால் மட்டும். நீங்கள் கேட்கக்கூடாது. நான் கேட்கிறேன்."

மறுநாள் சனிக்கிழமை பிற்பகல் ஐரீன் தனியாகப் பேருந்தில் வந்தார். அட்டையை நான் அச்சடித்து வைத்திருந்தேன். வால்ட்டரின் பெயர், இரண்டு திகதிகள், ஐரீனின் கணவர், டக்லஸின் தந்தை, மே 4 புதன்கிழமை பிற்பகல் 2 மணி, கல்லறையின் பெயர். ஐரீன் அதைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"அவர்கள் ஊரில் இப்படித்தான் வருமா?"

"இப்படித்தான்."

"இரண்டு மணி என்றால் அங்கே எட்டு," என்றார். அந்தக் கணக்கை நான் அதுவரை போட்டுப் பார்க்கவில்லை. நாலாம் திகதி, எட்டு மணி. ஒல்லாந்தை விட்டு வந்து ஏழு வருடத்தில் கடிகாரத்தோடு அதையும் மாற்றி வைத்துவிட்டேன்போலிருக்கிறது.

"ஹன்னெக்கே அதைப் பற்றி எழுதியிருக்கிறாள்," என்றார் ஐரீன். "அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் இரண்டு மணிக்கு அவர் சமையலறைக் கதிரையில் பேசாமல் இருப்பார். தொலைபேசி அடித்தால் எடுக்கக்கூடாது. டக்லஸுக்கு அது அப்பாவின் குணங்களில் ஒன்று. நானும் எதிர்க் கதிரையில் இருப்பேன். அதனால்தான் இரண்டு மணி கேட்டேன்."

உறையை நீட்டி, முகவரி எழுதிய துண்டையும் எடுத்தேன். ஐரீன் கையை ஆட்டி வேண்டாம் என்றார். கைப்பையிலிருந்து தன் நீல மைப் பேனையை எடுத்து, அந்தத் தெருப் பெயரை, இலக்கத்தை, நாலு எண்ணும் இரண்டு எழுத்துமான தபாற்குறியீட்டை, ஊரை, எதையும் பார்க்காமல் எழுதினார்.

"அவருடைய கடிதங்களைத் தபாலில் போட்டது நான்தான்," என்றார். "அவர் உறை எழுதினால் யாருக்கும் விளங்காது."

விரைவுத் தபாலுக்கான படிவத்தை எடுக்க நான் முன் அறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது உறை ஒட்டப்பட்டிருந்தது. திங்கட்கிழமை காலைதான் எடுத்துப் போவார்கள், புதன்கிழமைக்கு முன்னர் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றேன். "போகட்டும்," என்றார்.

மே 4 பிற்பகல் கல்லறையில் முப்பது பேர் அளவில் இருந்தார்கள். வெயில், கொஞ்சம் காற்று. இரண்டு மணிக்கு ஐரீன் பாதிரியாரின் கையைத் தொட்டு ஏதோ சொன்னார். பாதிரியார் புத்தகத்தை மூடினார். யாரும் பேசவில்லை.

தேவன் என் காதருகே, "ஏண்ணை, ஃபாதர் பக்கத்தைத் துலைச்சிட்டாரா?" என்றான்.

"பேசாம நில்."

டக்லஸ் முதலில் தாயைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைப் பார்க்கவில்லை. முடிந்து எல்லோரும் கார்களுக்குப் போகும்போது என்னிடம் வந்தார். "அந்தப் பெண் எந்த ஊர்?" என்று கேட்டார்.

"அம்மாவிடம் கேளுங்கள்," என்றேன். அதில் மட்டும் இந்த முறை பிழை விடவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹன்னெக்கே தொலைபேசியில் வந்தார். அட்டை புதன்கிழமை அங்கே பகல் பதினொன்றரைக்குக் கிடைத்திருக்கிறது. சாம்பல் கரையைப் பார்த்ததும் அடுத்த வீட்டுப் பெண் யார் இறந்தது என்று கேட்டாராம். "கனடாவில் ஒருவர்," என்று சொல்லியிருக்கிறார். மாலையில் அதை மேலங்கியின் உள்பையில் வைத்துக்கொண்டு ஊர்ச் சதுக்கத்துக்குப் போயிருக்கிறார்.

"எட்டு மணிக்கு ஊரே பேசாமல் நிற்கிறது. நான் அழுதேன். அங்கே நிற்கிற பாதிப்பேர் யாருக்காகவோ அழுகிறவர்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எனக்கு அது நல்லதாகப் போய்விட்டது."

சந்தோஷம் என்றேன்.

"ஒன்று கேட்கவேண்டும். டக்லஸ் என்ற பெயருக்கு முன்னால் நீல மையில் என் பெயர் எழுதியிருக்கிறது. நான் அதைக் கேட்கவில்லையே. உங்கள் அலுவலகத்திலா எழுதினீர்கள்?"

"இல்லை. எங்களிடம் கறுப்பு மை மட்டும்தான்."

அந்தப் பக்கத்தில் அட்டையைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"அப்பா இருபத்து நாலு வருடமாக என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டுத்தான் எழுதுவார்," என்றார். "உறைகளில் மட்டும் சரியாக இருக்கும். இதிலும் சரியாக இருக்கிறது."